இடது காலின் ஒழுக்கு

ஆர்டிஸ் வாஸிடம் விமானத்து எண்ணெய் பட்ட துணி ஒன்றை நீட்டினால் போதும். மோந்து பார்த்துவிட்டு, "இது எஞ்சினோடது இல்ல, காலோடது" என்று சொல்லிவிடுவாள். எங்கள் விஸ்கான்சின் ஊர்ச் சீஸ் ஆலையில் இருபத்தாறு வருஷம் பம்புகளைப் பழுதுபார்த்தவள். ரப்பர் எங்கே தேயும், எங்கே முறுக்கிக்கொள்ளும் என்பதெல்லாம் அத்துப்படி. அவளால் கண்டுபிடிக்க முடியாத ஒழுக்கு ஒன்றே ஒன்றுதான். அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அந்த வெட்கக்கேட்டைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவளும் அவள் புருஷன் லீலண்டும் வீட்டுக் கார் ஷெட்டில் ஒன்பது வருஷம் பாடுபட்டு ஒரு விமானம் கட்டினார்கள். இரண்டு பேர் தோள் இடிக்க உட்காரலாம். லீலண்ட் தபால்காரன், பகலில் கடிதம், மாலையில் இறக்கை. "ரெக்கை உன் பாடு, காலு என் பாடு" என்று ஆர்டிஸ் முதல் நாளே பிரித்துவிட்டாள். கால் என்றால் சக்கரக் கால்கள். மேலே ஏறியதும் மூன்றும் வயிற்றுக்குள் மடங்கிக்கொள்ளும், இறங்கும்போது நீளும். சிவப்பு ஹைட்ராலிக் எண்ணெயை ஒரு சின்ன மோட்டார் அழுத்தித் தள்ள, அந்த அழுத்தத்தில்தான் அவை அசையும். எண்ணெயைக் கட்டிப் பிடிப்பது மோதிரம் அளவு ரப்பர் வளையங்கள். நாங்கள் சீல் என்போம். சீல் போனால், கால் நீளுமா நீளாதா என்ற பயத்தோடுதான் இறங்க வேண்டும்.

என் பெயர் நோர்பர்ட். மாடு வளர்ப்பவன். எங்கள் புல்தரை விமானத் தளத்தில் என் கொட்டகை அவர்களுடையதற்கு அடுத்தது. பக்கத்து ஊர்த் தளங்களில் சனிக்கிழமை காலையில் பான்கேக் சுட்டுப் போடுவார்கள். அதைத் தின்ன ஐம்பது மைல் பறந்து போய்வரும் கிறுக்குக் கூட்டம் நாங்கள். வாஸ் தம்பதி ஒரு வாரம்கூட விடமாட்டார்கள்.

லீலண்ட் ஓய்வு பெற்ற வருஷம் இடது கால் நிஜமாகவே ஒழுகியது. விமானத்தை ஜாக்கியில் தூக்கி வைத்துப் பறக்கவிடாமல் நான்கு சனிக்கிழமை வேலை செய்தார்கள். அவள் விமானத்தின் வயிற்றுக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பாள், அவன் மேலே சுவிட்சோடு. மடங்கும் கால் அவளை நசுக்கிவிடக் கூடாதே, சுவிட்சைத் தொடுமுன் அவன் கேட்டே ஆக வேண்டும் என்பது அவள் சட்டம்.

"கையி?"

"வெளிய!"

"தலை?"

"அது உன்னக் கட்டிக்கிட்ட அன்னைக்கே போச்சு. அமுக்குடா!"

நான் என் கொட்டகையில் கேட்டுச் சிரித்துக்கொண்டிருப்பேன். பிளாஸ்கில் சூப்பு, தொட்டுக்கொள்ள சண்டை. லீலண்ட் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. நான்காம் வாரம் சீல் மாற்றி ஒழுக்கு நின்றது. ஆர்டிஸ் கருவிகளைத் துடைத்து அடுக்கினாள். வேலை இல்லாத இடத்தில் நிற்கத் தெரியாதவள் அவள். பான்கேக்குக்கு வருவாள், இறங்கியதும் வீட்டுக்குப் போய்விடுவாள். கொட்டகையில் சும்மா உட்கார்ந்து பேசு என்றால், "ஏன், யாரு செத்தா?" என்பாள்.

அடுத்த வசந்தத்தில் ஒரு நாள் காலையில் நான் அவன் கொட்டகைக்குள் நுழைந்தேன். லீலண்ட் குந்தியிருந்தான், கையில் மாட்டுக்கு ஊசி போடும் சிரிஞ்சு. போன வாரம் என்னிடம் வாங்கிப் போனதுதான். அதைக் கொண்டு விமானத்தின் எண்ணெய்த் தொட்டியிலிருந்தே சிவப்பு எண்ணெயை உறிஞ்சி, இடது காலின் மூட்டில் பூசி, கீழே விரித்த அட்டையில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடா இது கூத்து?"

"சத்தம் போடாத நோர்ப். டப்பாலேர்ந்து ஊத்துனா தொட்டி அளவு குறையாது, கண்டுபிடிச்சிடுவா. ஒழுகுதுன்னா வருவா. சனிக்கிழமை பூரா இருப்பா."

"பொண்டாட்டியோட உக்காரணும்னா அவகிட்டயே கேளேன்டா, மடையா."

"கேட்டேன். யாரு செத்தான்னா."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்தேன். ஒரு வாரத்துக் குறும்பு என்று நினைத்தேன்.

அவள் வந்தாள். சீலைக் கழற்றினாள், புதுசு போட்டாள், முப்பது தடவை மடக்கி நீட்டினாள். சொட்டு இல்லை. அடுத்த முறை பறந்து வந்த பிறகு அட்டையில் சிவப்பு. மறுபடி கழற்றினாள். லீலண்டுக்குச் சனிக்கிழமைகள் கிடைத்தன. ஆனால் ஆர்டிஸுக்குத் தூக்கம் போனது. ஜாக்கியில் நின்றால் ஒழுகாது, பறந்தால் ஒழுகும் என்பது அவளுக்குப் பேய் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. காலை அசைக்கும் எண்ணெய்ச் சிலிண்டரை ஆலைக்கே கொண்டுபோய் அழுத்திப் பார்த்தாள். வளையங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்க்க ஆரம்பித்தாள்.

இரண்டாம் வருஷம் பான்கேக்குக்குக் கிளம்பும்போது கதவருகே நின்றுவிட்டாள். "நான் போட்ட சீல் எதும் நிக்கல, லீலண்ட். என் கையி போயிடுச்சு. இதுல நான் ஏற மாட்டேன்."

அவன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அன்றே சிரிஞ்சை எறிந்திருப்பான் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் சிரிஞ்சை எறிந்தால் ஒழுக்கு நிற்கும், நின்றால் அவள் வரமாட்டாள். கை போய்விட்டது என்று நம்புகிறவள் விமானத்திலும் ஏறமாட்டாள். நான் அவனை உலுக்கினேன்.

"சொல்லித் தொலைடா."

"சொன்னா அவ என்னைய மன்னிப்பா. அந்தச் சனிக்கிழமைய எல்லாம் மன்னிக்க மாட்டா. அடுத்த மாசம் சொல்றேன்."

அந்த அடுத்த மாதம் ஆறு வருஷம் ஆனது. முழுப் பூசணிக்காயை அவன் சோற்றில் மறைத்தான், பரிமாறியவன் நான். அவன் தனியாகப் பறந்தான், அவள் தரையில் நின்று சக்கரக் கால்களை எண்ணினாள்: ஒண்ணு, ரெண்டு, மூணு. மூன்றும் நீண்டது தெரிந்தால்தான் மூச்சு விடுவாள்.

போன பிப்ரவரியில் வாசலில் பனி அள்ளும்போது லீலண்ட் விழுந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே போய்விட்டான். அடக்கத்தில் எனக்கு அழுகையே வரவில்லை. அந்த ரகசியம் இனி என் ஒருவனிடம்தான்.

ஏப்ரலில் பக்கத்து மாநிலம் மின்னசோட்டாவிலிருந்து டேரல் என்ற ஆள் விமானத்தை விலைக்குக் கேட்டான். ஆர்டிஸ் முடியாது என்றாள். ஒரு வாரம் கழித்து என் வீட்டுக்கு வந்தாள்.

"நோர்ப், உன் பண்ணை ரம்பத்த எடுத்துட்டு வா. நடுவுல அறுத்துடலாம்."

"என்ன பேசுற ஆர்டிஸ்! ஒம்பது வருஷம் கட்டுனது."

"எங்க ஒழுகுதுன்னு எனக்குத் தெரியல. தெரியாத ஒண்ணுல இன்னொருத்தி புருஷன ஏத்தி அனுப்ப மாட்டேன். என்னோடவனே ஒவ்வொரு தடவ எறங்குறப்பவும் நான் செத்துப் பொழைச்சேன்."

ரம்பத்தை எடுத்துக்கொண்டுதான் போனேன். அவ்வளவு கோழை. கொட்டகையில் அவள் வால் பக்கம் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுவிட்டு, "இங்க" என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சிரிஞ்சு, தொட்டி, அட்டை எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். அவன் ஆசைக்குச் செய்தான் என்றேன். நீ வர வேண்டும் என்றுதான் என்றேன்.

அவள் அழுவாள், அல்லது என்னை அறைவாள் என்று காத்திருந்தேன். காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிலிண்டரின் மேல் கை வைத்தாள்.

"அப்ப என் சீலு?"

"ஒரு சொட்டு விடல, ஆர்டிஸ். இத்தன வருஷமும்."

"கூட உக்காரணும்னு என்னைய வரவெச்சான். அதனாலயே கூட உக்காராம போயிட்டேன்." குரல் இறங்கிக்கொண்டே போனது. "பக்கத்து சீட்டு காலியாவே போய்க் காலியாவே வந்துச்சு. அவன் கிறுக்கன், நோர்ப், ஆசைல செஞ்சான். நீ எதுக்குப் பாத்துக்கிட்டு இருந்த?"

சத்தியம் செய்திருந்தேன் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. வேடிக்கையாக இருந்தது, பிறகு பழகிவிட்டது, உண்மை அவ்வளவுதான். "ரம்பத்த எடுத்துட்டுப் போ" என்றாள். போனேன்.

மே மாதம் டேரல் விமானத்தை வாங்கிப் போக வந்தான். விமானம் ஜாக்கியில் நின்றது. ஆர்டிஸ் அடியில் படுத்துக் கால்களைக் கடைசி முறை சோதித்துக் கொடுத்தாள். சுவிட்சில் இருந்த டேரலுக்கு அவள் சட்டம் தெரியாது. கேட்காமல் அமுக்கப் போனான். நான்தான் கத்தினேன், "கையி?" என்று. கீழே அவள் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு "வெளிய" என்றாள். தலையைப் பற்றி நான் கேட்கவில்லை.

கால்கள் மடங்கின, நீண்டன. டேரல் குனிந்து பார்த்தான். "நல்லாருக்கு. மறைக்காம சொல்லுங்கம்மா, எங்கயாச்சும் ஒழுக்கு உண்டா?"

அவள் எழுந்து கைகளைத் துடைத்துக்கொண்டாள். பதில் டேரலுக்கு, பார்வை என் மேல்.

"இல்ல," என்றாள். "நான் மாத்துன சீலு என்னைக்குமே ஒழுகுனதில்ல."