அரிசி டின்னில் ஒளித்த கொப்பி

செல்லமுத்து அண்ணே, உன் கொப்பியை ஒளித்து வைத்தது நான்தான்.

கோலாலம்பூரில் என்ஜினியர்மார் மாநாடு நடக்க இருந்தது. யார் எந்த ரயிலில் வருவார், எங்கே தங்குவார், யாருக்கு மரக்கறிச் சாப்பாடு என்று ஆபீஸ் பியூனான என் அண்ணன்தான் அந்தக் கொப்பியில், அந்த நோட்டுப் புத்தகத்தில், எழுதி வைத்திருந்தான். மாநாட்டுக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டான்.

கருமாதி முடிவதற்குள் மாநாட்டு வேலையைப் பார்த்த அவன் ஆபீஸ் குமாஸ்தா, கிராணி என்போம், யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்தார்.

"பிள்ளை, அண்ணன்ட கொப்பி இருக்கோ?"

அவன் உழைப்பைத் தன் பெயரில் போட்டுக்கொள்ளப் பார்க்கிறார் என்று நினைத்தேன். "தெரியாதுங்க" என்றேன். கொப்பி அரிசி டின்னுக்குள் இருந்தது.

மாநாட்டுக்கு ஆட்கள் வந்த அன்று, அவர் மாட்டிக்கொள்வதைப் பார்க்கவே ரயில் நிலையத்துக்குப் போனேன். வந்தவர்கள் பெட்டிகளோடு தவித்து நின்றார்கள். துரை எல்லார் முன்னாலும் கிராணியைத் திட்டினார். செத்தவன்மேல் பழியைப் போடுவார் என்று காத்திருந்தேன்.

"கிராணி என்னண்ணே சொல்றாரு?" என்று, இங்கிலீஷ் புரியாமல், பக்கத்திலிருந்த போர்ட்டரைக் கேட்டேன்.

"எல்லாம் என் தப்புங்கிறாரு லா. பைத்தியக்கார மனுசன்!"

வீட்டுக்கு ஓடிப்போய்க் கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினேன். அவர் பிரித்ததும் அரிசி கீழே சிதறியது. என்னை ஒருமுறை பார்த்தார்.

"நீயே வாசி பிள்ளை. அவன்ட கிறுக்கல் எனக்கு விளங்காது."

நான் வாசிக்க வாசிக்க, ஒவ்வொருவராகத் தங்கும் இடத்துக்கு வண்டி ஏறினார்கள்.

யார்மேலாவது சந்தேகம் வந்தால் இப்போதும் அந்த அரிசிதான் கண்ணில் நிற்கிறது. வாசிக்கிறவர்களே, என் செல்லமுத்து அண்ணனுக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.