ஆவணியில் பதிந்த முகவரி

எந்தப் பல்லை எந்தக் கிழமை பிடுங்கினார்கள் என்றுகூட என்னால் சொல்ல முடியும். அப்படிப்பட்ட எனக்கு டேனிஷ் குடியுரிமை நாள் கணக்கில் தவறிப்போனது இன்னும் செரிக்கவில்லை.

பக்கத்து நாடான நோர்வேயில், பேர்கன் கப்பல் பட்டறையில் வேலை கிடைத்தபோது விதிகளை எல்லாம் வாசித்துவிட்டுத்தான் போனேன். ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாடு போகிறவர் கொம்யூனில், அதாவது நகரசபையில், முகவரியை நீக்க வேண்டும், நீக்கினேன். நிரந்தர வதிவிட அனுமதி போகாமலிருக்க முன்கூட்டியே எழுதிச் சம்மதம் வாங்கினேன். குடியுரிமைக்குத் தனிக் கணக்கு: இங்கே தொடர்ந்து வசித்திருக்க வேண்டும், இடைவெளி ஒரு வருடத்தைத் தாண்டக்கூடாது. ஆகஸ்ட் தொடக்கத்தில் போன நான் அடுத்த ஜூலை நடுவிலேயே வேலையை முடித்துக்கொண்டு கப்பலேறினேன். கையில் இரண்டு கிழமைக்கு மேல் மிச்சம் இருந்தது.

நானும் மனைவியும் மகளும் திரும்பி, சில்க்போர்க் நகரில் மனைவியின் தம்பி வீட்டில் வந்திறங்கிய அன்று ஆடிப்பிறப்பு. கூழும் கொழுக்கட்டையும் காத்திருந்தன. ஓகூஸ் நகரில் எங்களுக்காகப் பிடித்திருந்த வீட்டின் சாவி இரண்டாம் நாளே கைக்கு வந்தது. நாளைக்கே போவோம் என்றேன்.

"ஆடியில ஆரப்பா வீடு குடிபுகுறது?" என்றாள் மனைவி. "ஆவணி பிறக்கட்டும்."

"கட்டிலை மட்டும் போட்டுப் படுப்பம்."

"பால் காய்ச்சாமலோ?"

அவள் முன்பே டேனிஷ் குடியுரிமை பெற்றவள். அவசரம் என்னுடையது மட்டும்தான். ஆனால் அந்த அவசரம் அன்று எனக்கே புரியவில்லை. நான்தான் நாட்டுக்குள் வந்துவிட்டேனே.

"இஞ்ச கிடவுங்கோ அத்தான்," என்றான் தம்பி. "இஞ்ச ஒருக்காப் பதிஞ்சு, பேந்து அங்க ஒருக்காப் பதிஞ்சு, ஏன் வீண் வேலை?"

அது எனக்கும் நியாயமாகப் பட்டது. குடிபோகாத வீட்டில் முகவரி பதிவது பொய் என்று வேறு நினைத்தேன். ஒரு மாதம் வெறும் வீட்டுக்கு வாடகை கொடுத்துக்கொண்டு மைத்துனன் வீட்டு சோபாவில் படுத்தேன். ஆவணியில் முதல் நல்ல நாளில் பால் பொங்கியது. அன்று பின்னேரமே முகவரியைப் பதிந்தேன். என் ஒழுங்கை நானே மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்து, கடைசியில் மறுப்புக் கடிதம் வந்தது. பதிவேட்டின்படி, முகவரியை நீக்கிய நாளிலிருந்து திரும்பப் பதிந்த நாள்வரை எண்ணினால், நான் நாட்டில் இல்லாத காலம் ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டதாம். டேனிஷ் தடுக்கினால் கைகொடுக்க, இங்கே பிறந்த மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடியுரிமை அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். கப்பல் சீட்டு இருக்கிறது என்றேன். சீட்டு வந்திறங்கியதைத்தான் காட்டும், வசித்ததைக் காட்டாது என்றார் அந்த அலுவலர், மிகவும் தன்மையாக. அந்தத் தன்மைதான் என்னை இன்னும் எரித்தது. பிறகு கேட்டார்: சாவி கையில் இருந்தும் ஏன் ஒரு மாதம் குடிபோகவில்லை?

நான் மகளைப் பார்த்தேன். "ஆடி மாசம் எண்டு சொல்லு."

அவள் ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டு, இதை நான் சொல்ல மாட்டேன் அப்பா என்று டேனிஷில் சொன்னாள். கடைசியில் நானே சொன்னேன். எங்கள் நாட்காட்டியில் அந்த மாதம் வீட்டுக்குள் நுழைய உகந்ததல்ல என்றேன்.  மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. அதன்பின் அவர், குறித்துக்கொள்கிறேன், ஆனால் முடிவு மாறாது என்றார்.

இனி வருடங்களைத் திரும்ப எண்ண வேண்டும். முகவரி பதிந்த அந்த ஆவணி நாளிலிருந்து. பேர்கனுக்கு முந்தைய என் வருடங்கள், இங்கே கட்டிய வரி, குளிர்காலங்களில் இருட்டோடு எழுந்து பஸ் பிடித்த காலைகள் எதுவும் அதில் சேராது.

இதை மனைவியிடம் சொன்னபோது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னப்பா செய்யிறது. நல்ல நாளிலதானே துவங்குது," என்றாள்.

எழுந்துபோய்க் காலில் சப்பாத்தைப் போட்டேன். வெளியே மழை. இருந்தும் துறைமுகம் வரை நடந்துவிட்டுத்தான் வந்தேன்.