உள்ளே எத்தனை பேர்?

சிரிப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், மதியம் சாப்பிட்டது செரிப்பதற்குள்.

ஒரு காற்புள்ளியை விட்டதால் ஒரு செமஸ்டரையே கோட்டைவிட்டவன். அதனால் அவனுக்குக் கமா என்று பெயர். அவன் அக்காவின் கணவர் ஐஸ்கிரீம் கிடங்கின் மேலாளர். அங்கிருக்கும் குளிரறைக் கதவுக்குக் கமா ‘கோ’ என்ற கணினி மொழியில் ஒரு புரோகிராம் எழுதினான். கதவு பூட்டுமுன் உள்ளேயிருக்கும் திரை கேட்கும்: ‘உள்ளே எத்தனை பேர்?’ பத்து நொடிக்குள் அங்கேயுள்ள கீபோர்டில் எண்ணை அழுத்தினால் பூட்டாது. பதில் இல்லையென்றால் அறை காலி என்று பூட்டிக்கொள்ளும். அப்புறம் காலைவரை வெளியிலிருந்தும் திறக்காது. திருட்டுப் பயத்தில் முதலாளி ஆசைப்பட்டுக் கேட்ட வசதி.

மடிக்கணினியில் சோதித்தபோதே ஒரு கோளாறு. முதல் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டான். அடுத்ததற்கு 1 அழுத்தினான். அந்த 1 காணாமல் போனது.

காரணம் புரிந்தது. பதிலை வாங்கிவரப் புரோகிராம் தன்னில் ஒரு சின்னத் துண்டை, ஓர் ஆளை அனுப்புவதுபோல அனுப்புகிறது. நேரம் முடிந்ததும் புரோகிராம் நடையைக் கட்டிவிடும். போனவனிடம் யாரும் சொல்வதில்லை. அவன் அங்கேயே காத்திருப்பான்... அடுத்து வரும் எண்ணை வாங்கி விழுங்குவான்.

கமா, போகிறவனுக்கே திரும்பிவரக் கெடு வைத்தான். காத்திருப்பவர்களை எண்ணிக் காட்ட ஒரு வரியும் சேர்த்தான். கெடு முடிந்தது. காத்திருப்பவர்: 0.

திரையின் வயரை மாட்டிவிட்டு, குளிரறைச் சுவரில் கீபோர்டுக்கென்று இருந்த பிளக்கில் மடிக்கணினியைச் செருகினான். கதவைத் திறந்தே வைத்து மறுபடி சோதித்தான். கெடு முடிந்தது.

காத்திருப்பவர்: 1.

“அத்தான், ஏதோ இடிக்குது. நாளைக்குப் பாக்கலாமே.”

“சாயங்காலம் முதலாளி வர்றார்டா. நான் உள்ள போறேன். பூட்டிக்கிச்சுன்னா உங்க அக்காவுக்கு நீயே பதில் சொல்லிக்க.”

கதவு சாத்திக்கொண்டது. கேள்வி போனது.

ஏழு... ஆறு...

கதவுக் கண்ணாடி வழியே தெரிந்தது. அத்தான் கீபோர்டைக் குத்துகிறார். திரும்பத் திரும்பக் குத்துகிறார்.

பதில் இல்லை.

மூன்று...

பத்து நொடி ஓடும்வரை கதவின் கைப்பிடி திரும்பாது; கேள்வியை ரத்து செய்யும் வழியையும் அவன் எழுதவே இல்லை.

இரண்டு...

டக்.

மடிக்கணினித் திரையில் ஓர் எண்.

2.

பூட்டு விழவில்லை.

அத்தான் வெளியே வந்தார். மீசையில் பனி. “வந்துச்சாடா?”

“வந்துச்சு. ஏன் ரெண்டு அழுத்துனீங்க?”

“ஒண்ணுதான்டா அழுத்தினேன். தனியா நிக்கிறவன் வேற எதை அழுத்துவான்?”

சாயங்காலம் எலெக்ட்ரீஷியன் வந்தார். தோளில் வயர்ச் சுருள்.

“எதுக்குண்ணே இது?”

“உள்ள இருக்கிற கீபோர்டுக்குத்தான் தம்பி. நேத்து திரைக்கு மட்டும்தான் இழுத்தேன். நீ செருகியிருக்கிற பிளக்குக்குப் பின்னாடி இன்னும் ஒண்ணுமே கிடையாது.”