பச்ச எரியுதா, மகள்?

எங்கள் உம்மா இறைவனிடம் திரும்பி ஒரு வருடமாகிறது. பிறந்த வளவிலேயே வாழ்ந்து, அங்கிருந்தே மையவாடிக்குப் போனவர். வாப்பா இளவயதில் மௌத்தானதும் இடியப்ப மா இடித்து விற்று எங்களை வளர்த்தார். மூத்த மகனான காக்காவைக் கட்டாருக்கு வேலைக்கு அனுப்பினார். என்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். எங்கள் குடும்பத்தில் படித்து முடித்த முதல் ஆள் நான். பெருமையோடுதான் எழுதுகிறேன், உம்மாவும் ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லித் திரிந்தார்.

உம்மாவால் ஓரிடத்தில் இருக்க முடியாது. காக்கா லீவில் வந்து வாங்கிக் கொட்டிலில் விட்டுப்போன கார், அவரைக் கொஞ்சமும் இருக்கவிடவில்லை. மகன் வந்து திறப்பைத் திருப்பியதும் அது ஸ்டார்ட் வரவேண்டும். ஆனால் ஓடாமல் நின்றதில் பெற்றரி இரண்டு தடவை செத்தது.

"ராத்தா, இது கோழி அடையத்தான் சரி. வித்துப்போடுங்க" என்றார் உம்மாவின் தம்பியான மாமா.

"வித்தா, புள்ள வந்து எதில போறது? உன்ட தோளிலயா?"

காரை விற்றால் மகனே வராமல் போய்விடுவான் என்று உம்மா பயந்தார்.

சார்ஜர் வாங்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கடைக்காரர் முதலில் காட்டியது வேகமாக ஏற்றும். ஆனால் நாமே பார்த்துக் கழற்றவேண்டும். மறந்தால் பெற்றரி கொதித்துப் பழுதாகும். மாதக்கணக்கில் நிற்கும் வாகனத்துக்கு அது சரிவராது. மெல்ல ஏற்றி, நிறைந்ததும் தானே அடங்கி, குறைந்தால் தானே மீண்டும் ஏற்றுவதுதான் வேண்டும். எங்கள் பெற்றரி தண்ணீர் ஊற்றும் வகை. அதற்குப் பொருந்துகிறதா என்றும் பார்த்தேன்.

"கரண்ட் போய் வந்தா இது தானா வேல செய்யுமா, இல்லாட்டி பட்டன் அமத்தணுமா?" என்று கேட்டேன். பட்டன் அமர்த்தவேண்டியதை வைத்துவிட்டு மற்றதை எடுத்தேன். பெற்றரி நிறைந்திருந்தால் அதில் பச்சை விளக்கு எரியும்.

இடி முழங்கினால் வீட்டுப் பிளக்கெல்லாம் கழற்றுவது உம்மாவின் வழக்கம். மழை விட்டதும் அவர் முதலில் செருகுவது சார்ஜரைத்தான்.

பிறகு நோயில் விழுந்தார். கஞ்சியைக் கரண்டியால் பருக்கும்போது, "எனக்கும் மெல்ல மெல்லத்தான் ஏத்துறாய்" என்று சிரிப்பார். அடுத்த மூச்சிலேயே, "பச்ச எரியுதா, மகள்?"

"ஓம் உம்மா, எரியுது."

"பாத்தா சொல்றாய்? இருந்த இடத்திலயிருந்து கதைக்காத."

எழும்பிப் போய்ப் பார்த்து வருவேன்.

ஒருவழியாக லீவு கிடைத்துக் காக்கா வந்தார். ஸலாத்துக்குப் பதில் சொன்ன கையோடு உம்மா கேட்டார்: "காரப் பாத்தியா?" காக்கா கொட்டிலுக்குப் போனார். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் வந்த சத்தம் அறைவரை கேட்டது.

"நிப்பாட்டவேணாமெண்டு சொல்லு" என்றார் உம்மா. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே கிடந்தார். அவர் அமைதியாக இருந்து நான் பார்த்தது அன்றுதான். அந்த வாரமே எங்களை விட்டுப் பிரிந்தார். அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்துச் சுவனத்தைக் கொடுப்பானாக.

நோயில் கூட நின்ற அயலவர்கள், ஜனாஸா வேலைகளில் ஓடித்திரிந்த மாமா, துஆச் செய்த அனைவருக்கும் எங்கள் நன்றி. காக்கா திரும்பிப் போய்விட்டார். காரை விற்கவில்லை, நான் லைசன்ஸ் எடுத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போக, அவசரத்துக்கு, எங்கள் கதவைத் தட்டுங்கள். இதை எழுதும்போதும் இடையில் எழும்பிப் போய்ப் பார்த்து வந்தேன்.

எரியுது, உம்மா.