பயந்தவர் வீட்டுக் குழாய்

டெல்மர் ஓயாலாவுக்குப் பயம் கூடப் பிறந்தது. ஏன், எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. இரும்புச் சுரங்கத்தில் முப்பத்துநான்கு வருடம் லாரி ஓட்டினார், ஒரு சிராய்ப்புக்கூடக் கிடையாது. அதைத் திறமை என்று சொல்ல அந்த ஊரில் ஒருத்தருமில்லை. "பயந்தாங்கொள்ளிக்கு எப்படிய்யா அடிபடும்?" என்பார்கள். யாருமே கதவைப் பூட்டாத ஊரில் அவர் மட்டும் இரண்டு பூட்டுப் போடுவார். மினசோட்டாக் குளிரில் ஏரி உறைந்து, சின்னப் பிள்ளைகள்கூட அதன் நடுவில் குந்தி மீன் பிடிக்கும்போது, இவர் கரையில் நின்றுகொண்டு "விரிசல் சத்தம் கேக்குது, வாங்க வாங்க" என்று கத்துவார்.

போன இலையுதிர் காலத்தில் ஒருநாள் கேஸ் கசிவு நாற்றம் என்று தீயணைப்பு வண்டியையே வரவழைத்துவிட்டார். மனைவி இர்மாவை வீட்டுக்குள் போடும் செருப்போடேயே தெருவில் நிறுத்தினார். பக்கத்து வீட்டுக் கிழவி செல்மாவையும் கையைப் பிடித்து இழுத்து வந்தார். கடைசியில் நிலவறைப் படிக்கட்டுக்குப் பின்னால் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு அழுகிக் கிடந்தது. அடுத்த ஞாயிறு தேவாலயத்துக் காப்பி மேசையில், "உருளைக்கிழங்குக்கு இப்ப உடம்பு தேவலையா டெல்மர்?" என்று போதகரே கேட்டுவிட்டார். மானம் கப்பலேறியது.

இப்படிப்பட்ட மனிதரின் நிலவறையில் இர்மாவுக்கு ஒரு சவுனா வேண்டுமாம். ஃபின்லாந்திலிருந்து வந்த குடும்பம். சனிக்கிழமை சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் வியர்க்காவிட்டால் வாரம் முடிந்ததாகவே கணக்கில்லை. இத்தனை நாளும் அதற்குத் தம்பி ஹார்லன் வீட்டுக்குத்தான் போய்வந்தாள். இப்போது அறுபது வயதில் சொந்தமாக வேண்டும் என்று பிடிவாதம். பலகைகள் வந்தன, அடுப்பு வந்தது, கல் வந்தது. தண்ணீர் மட்டும் வரவில்லை. எழுபது வருடத்து இரும்புக் குழாய் உள்ளே துருவடைத்து, அழுகிற குழந்தையின் மூக்கு மாதிரி ஒழுகியது.

"தண்ணி மீட்டர்லேர்ந்து மொத்தத்தையும் வெட்டித் தூக்கிட்டு பிளாஸ்டிக் போட்டுடலாம்," என்றான் ஹார்லன். "அரை நாள் வேலை மச்சான்."

"பிளம்பரைக் கூப்பிட்டா என்ன?" என்று டெல்மர் கேட்டார்.

"எதுக்கு, எங்கப்பா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்து என்னைக் காறித் துப்பவா?"

அந்தக் குடும்பத்தில் கூலிக்கு ஆள் வைத்து வீட்டு வேலை செய்தவர் இதுவரை இல்லை. மச்சான்மார்தான் செய்வார்கள். கூலி, வயிறு நிறையச் சாப்பாடும் புதுச் சவுனாவில் முதல் ஆவியும்.

டெல்மரை அரித்தது வேறொன்று. பத்து நாள் முன்பு குளியல் தொட்டியில் ஈரக்காலோடு நின்று குழாயைத் திருகினார். விரலில் சுருக்கென்று ஏதோ கடித்தது. மறுபடி தொட்டார், ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் மறுபடியும் சுருக். அன்றிலிருந்து ரப்பர் செருப்போடுதான் குளிக்கிறார். இர்மாவிடம் சொல்லிப் பார்த்தார்.

"போன மாசம் மைக்ரோவேவ் உன்னை முறைச்சுது," என்றாள் அவள். "அதுக்கு முன்னாடி உருளைக்கிழங்கு. இப்ப குழாயா? போய்ப் படு டெல்மர்."

அதன் பிறகு அந்தச் சுருக் விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ஹார்லன் ரம்பமும் ரெஞ்சுமாக வந்து இறங்கினான். மீட்டர் அருகே வால்வை அடைத்தார்கள். டெல்மர் மெயின் சுவிட்சை அணைத்தார். அணைத்தது அணைந்திருக்கிறதா என்று மூன்று தடவை போய்ப் பார்த்தார். சின்ன ஜன்னல் வழியே வந்த வெளிச்சத்தில் நிலவறை சாம்பலாகக் கிடந்தது. சுவரோரம் குழாய் நீண்டு போனது. மீட்டரிலிருந்து பத்தடி தள்ளி, மின்பெட்டிக்குக் கீழே, ஒரு தடித்த செம்புக் கம்பியை அந்தக் குழாயில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பழைய வீடுகளில் எர்த் கம்பிக்குத் தண்ணீர்க் குழாய்தான் பூமி. டெல்மர் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். சுரங்கத்தில் ஒரு எலக்ட்ரீஷியன் எப்போதோ சாப்பாட்டு நேரத்தில் சொன்னது ஞாபகம் வந்தது. இந்த மாதிரிக் குழாயை வெட்டுமுன் இரண்டு பக்கத்தையும் கம்பியால் இணைத்துவிடு என்றான். ஏன் என்றும் சொன்னான், அந்தக் காரணம்தான் எவ்வளவு யோசித்தும் அகப்படவில்லை.

மீட்டருக்கும் அந்தச் செம்புக் கம்பிக்கும் நடுவே ஹார்லன் ரம்பத்தைக் குழாயில் வைத்தான்.

"இரு," என்றார் டெல்மர். குரல் கீச்சென்று வந்தது. "இப்ப வரேன்."

வெளியே பனியில் காரின் பின்கதவைத் திறந்து, செத்த பேட்டரிக்கு உயிர் கொடுக்கிற ஜம்பர் கேபிளை எடுத்தார். எடுத்தவர் அங்கேயே நின்றுவிட்டார். இதோடு உள்ளே போனால் என்ன நடக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும், நாளைக் காப்பி மேசையில் போதகர் குழாயின் உடல்நலம் விசாரிப்பார். கேபிளைத் திரும்ப உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினார். சாத்திய கையில் அந்தச் சுருக் இன்னும் இருப்பது மாதிரி இருந்தது. கீழே இருப்பவன் ஈரத்தரையில் குந்தி, இரண்டு கையாலும் அந்தக் குழாயைப் பிடிக்கப் போகிறான். இர்மாவின் ஒரே தம்பி. டெல்மர் மறுபடி கதவைத் திறந்தார்.

கேபிளைப் பார்த்ததும் ஹார்லன் ரம்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான்.

"அக்கா! இங்க வந்து பாரு! குழாய்க்குப் பேட்டரி டவுனாம்!"

இர்மா படியில் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"மெயினைத்தான் அணைச்சாச்சே மச்சான்? கரண்டு எங்கேர்ந்து வரும், ஆகாசத்துலேர்ந்தா?"

"தெரியாது."

"அப்பறம் எதுக்கு இது?"

"எனக்குத் தெரியாதுடா. ஆனா போடணும். போடலைன்னா நீ வெட்ட வேணாம். சவுனாவும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

சரி, போட்டுத் தொலை என்று ஹார்லன் தோளைக் குலுக்கினான். வெட்டப்போகும் துண்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கவ்வி, அந்தப் பக்கம் ஒரு கவ்வி. துருவைச் சுரண்டிவிட்டு டெல்மரே மாட்டினார். ஹார்லன் சிரித்துக்கொண்டே அறுத்தான். நான்கடித் துண்டு கழன்று, கலங்கல் தண்ணீர் தரையெல்லாம் கொட்டியது. இரண்டு முனைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன, நடுவில் அந்தக் கேபிள் மட்டும் தொங்கியது.

"பாத்தியா? உயிரோடதானே இருக்கேன்? இந்தச் சனியன் இடைஞ்சலா இருக்கு," என்று சொல்லி, டெல்மர் வாயைத் திறப்பதற்குள், ஹார்லன் ஒரு கவ்வியின் ரப்பர் பிடியை அமுக்கி இழுத்தான்.

பட்டென்று ஒரு சத்தம். கட்டைவிரல் பருமனில் நீலமாக ஒரு பொறி. கவ்வி கையிலிருந்து தெறித்து விழுந்தது. பயந்து எழப்போன ஹார்லன் ஈரத்தில் சறுக்கி, விழாமலிருக்க இரண்டு கையையும் நீட்டினான். நீட்டிய இடத்தில் இருந்தவை அந்த இரண்டு குழாய் முனைகள்தான்.

டெல்மரின் கால்கள் படிக்கட்டுப் பக்கம் ஓடத்தான் பார்த்தன. கை மட்டும் எப்படியோ ஹார்லனின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டது. பிடித்துப் பின்னால் இழுத்தார். இருவரும் பலகை அடுக்கின்மேல் மல்லாக்க விழுந்தார்கள். ஹார்லனின் விரல் குழாய்க்கு ஒரு சாண் தூரத்தில் காற்றைப் பிடித்தது.

"மெயின் ஆஃப்ல இருக்கு," என்றான் ஹார்லன். மறுபடி அதையே சொன்னான். "மெயின் ஆஃப்ல இருக்கு மச்சான்."

அதே நேரம் ஜன்னலுக்கு வெளியே, பக்கத்து வீட்டுச் சமையலறை விளக்கு வெள்ளை வெளேரென்று எரிந்து அணைந்தது. செல்மாவின் பல்பு மூன்று வாரமாக ஏறி இறங்கி எரிகிறது என்று அவள் வேலியோரம் சொல்லிக்கொண்டிருந்தது டெல்மருக்கு நினைவு வந்தது. சுரங்கத்து எலக்ட்ரீஷியன் சொன்ன காரணமும் கூடவே வந்தது: பக்கத்து வீட்டுக் கரண்டுகூடக் குழாயில் வரும். கோட்டுகூடப் போடாமல் பனியில் ஓடினார்.

"செல்மா! குழாயைத் தொடாத! எதையும் தொடாத, வெளிய வா!"

"இந்தத் தடவை என்ன அழுகுச்சு டெல்மர்?" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் காப்பி இயந்திரம் புகைந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

மின்சாரக்காரன் வந்து செல்மா வீட்டுக் கம்பத்தில் ஏறினான். மூன்று வாரம் முன்பு பெய்த பனிக்கட்டி மழையில், கரண்டு திரும்பிப் போகிற கம்பி அறுந்துவிட்டிருந்தது. அவள் வீட்டுக் கரண்டு அன்றிலிருந்து அவள் தண்ணீர்க் குழாயில் இறங்கி, தெருவுக்கடியில் இருக்கும் இரும்புக் குழாய் வழியாக டெல்மர் வீட்டுக்குள் புகுந்து, அவருடைய எர்த் கம்பியில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. இவர் மெயினை அணைத்தாலும் அணைக்காவிட்டாலும் அதற்கு ஒன்றுதான்.

நிலவறைக்கு வந்து பார்த்தவன் கேபிளைக் காட்டி, "இதை யார் மாட்டினது?" என்று கேட்டான்.

ஹார்லன் டெல்மரைக் காட்டினான்.

"இது இல்லாம வெட்டியிருந்தா, ரெண்டு முனையையும் பிடிச்சவனை நீங்க தூக்கிட்டுத்தான் போயிருக்கணும்," என்றான் அவன், ஏதோ தட்பவெப்பம் சொல்வது மாதிரி.

மத்தியானம் சமையலறையில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். இர்மா அடுப்பிலிருந்து எடுத்த இறைச்சிச் சட்டியை யாரும் தொடவில்லை. ஹார்லன் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"மச்சான்," என்றான். "இந்த வீட்டுல உனக்கு வேற என்னவெல்லாம் பயம்? ஒண்ணு விடாம சொல்லு."

கேலியோ என்று டெல்மர் அவன் முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை. இர்மாவும் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள். அறுபத்தோரு வயதில் முதல் தடவையாக இரண்டு பேர் அவர் பயத்தைக் கேட்க உட்கார்ந்திருந்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

புகைபோக்கியில் ஒரு விரிசல் இருக்கிற மாதிரி தெரிகிறது என்றார். ஹார்லன் உடனே எழுந்து கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தான். படுக்கையறைக்கு மேலே சாய்ந்திருக்கிற பைன் மரம் என்றார். "திங்கக்கிழமை வெட்டிடறேன்," என்றான் ஹார்லன். வெந்நீர்க் கொதிகலன் விட்டுவிட்டு முனகுவதைச் சொன்னார். இர்மா தலையாட்டினாள், அவளும் கேட்டிருக்கிறாளாம். யாரும் மறுக்கவில்லை என்பதே டெல்மருக்குப் புதுப் பயமாக இருந்தது. கடைசியாக, சொல்லவே வேண்டாம் என்று வைத்திருந்ததையும் சொன்னார். இர்மாவுக்குக் காலையில் வருகிற அந்த இருமல்.

இர்மாவின் கை மெல்ல மார்புக்குப் போனது. ஹார்லன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

இத்தனை வருடமும் தன்னைத் தூங்க வைத்தது எது என்று டெல்மருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவருடைய ஒவ்வொரு பயத்தையும் யாராவது ஒருத்தர் சிரித்துச் சிரித்தே கொன்றுபோட்டிருக்கிறார்கள். எதிரே இருந்த இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாராவது சிரிங்களேன்," என்றார்.