நான் மொழிபெயர்க்காத ஒரு சொல்

இதுவரை ஆயிரத்து இருநூற்றுப் பதினான்கு படங்கள் பார்த்திருக்கிறேன். அவற்றில் வெளிநாட்டுப் படங்கள் நூற்று எண்பத்தாறு. எல்லாம் ஏழு நோட்டுப் புத்தகங்களில் இருக்கின்றன: பார்த்த தேதி, நாடு, எத்தனை நிமிடம், எங்கே உட்கார்ந்து பார்த்தேன் என்பது வரை. பெங்களூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஒரு பேராசிரியை தங்கச் சுரங்க ஊரான எங்கள் ஆண்டர்சன்பேட்டைக்கு வந்தபோது என் வீட்டுக்குத்தான் முதலில் வந்தார். பல நாடுகளின் படங்களை மாணவர்களோடு சேர்ந்து பார்த்துப் பேசும் நிகழ்ச்சியொன்றை அவர் நடத்துகிறார். அந்த முறை சுரங்கத்தைப் பற்றிய படம். பேசுவதற்குச் சுரங்கத்தை அறிந்த ஒருவர் வேண்டும் என்றார்.

அவரோடு ஒன்றேகால் மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினேன். நந்திதுர்க் சுரங்கத்தின் டைம் ஆபீசில் இருபத்தெட்டு வருடம் கணக்கு எழுதியவன் நான். யார் எந்த ஷிப்டில் இறங்கினார், எந்த ஷிப்டில் ஏறினார் என்பது என் பேரேட்டைத் தாண்டிப் போனதில்லை. ஏழு நோட்டுகளையும் எடுத்துக் காட்டினேன். மூன்றைத்தான் அவர் திறந்தார்.

அவர் கிளம்பும்போது வாசலில் என் பக்கத்து வீட்டுக்காரர் நின்றிருந்தார். அதே சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைத்தவர். நான்காம் வகுப்போடு படிப்பை விட்டவர். சினிமா தியேட்டருக்குப் போனால் இடைவேளைக்கு முன்பே குறட்டை விடுகிறவர். கீழே எப்படி இருக்கும் என்று பேராசிரியை மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டார். இவர் அரைகுறைக் கன்னடத்தில் ஏதோ சொன்னார். பேராசிரியை பத்து நிமிடம் அங்கேயே நின்று கேட்டுவிட்டு, நிகழ்ச்சியில் பேசுவதற்கு அவரையே அழைத்தார். என் பக்கம் திரும்பி, நீங்கள் வந்து மொழிபெயர்த்தால் பெரிய உதவியாக இருக்கும் என்றார்.

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? பக்கத்து வீட்டுக்காரருக்கு வயது எழுபத்து நான்கு, எனக்கு எழுபத்தாறு. இனி என்னை மேடைக்குக் கூப்பிட எத்தனை பேர் வரப்போகிறார்கள்?

நிகழ்ச்சி அன்று மாரிக்குப்பத்தில் பெங்களூருக்குக் காலை ரயில் ஏறினோம். ஆபீஸ் போகிற கூட்டத்தில் அவருக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் பங்காருபேட்டை வரை நின்றேன்.

அரங்கில் அறுபத்திரண்டு பேர். தலை நரைத்தவர்கள் எங்களோடு சேர்த்து ஐந்து பேர். தென் அமெரிக்க நாடொன்றின் படம் அது, ஈயச் சுரங்கம். பேச்சு ஸ்பானிய மொழியில், கீழே ஆங்கில எழுத்து ஓடியது. அதை வாசித்துக்கொண்டே எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை காட்சி மாறுகிறது என்று குறித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இவர் குறட்டை விடுவார் என்று காத்திருந்தேன். விடவில்லை. கீழே எழுத்து வருவதையே அவர் கவனிக்கவில்லை. ஓரிடத்தில் எனக்கு முன்பே சிரித்தார்.

படத்தின் முடிவில் ஒரு பெண் சுரங்க வாசலில் நிற்கிறாள். கூண்டு மேலே வருகிறது, ஆட்கள் இறங்குகிறார்கள், அவள் கணவன் வரவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று காட்டாமலே படம் முடிந்துவிடுகிறது.

எங்களை மேடைக்கு அழைத்தார்கள். இரண்டு நாற்காலி, ஒரு மைக். முதல் இரண்டு கேள்விகளை ஒழுங்காகவே மொழிபெயர்த்தேன். மூன்றாவதாக ஒரு மாணவி எழுந்து, இந்தப் படத்தில் எந்த ஷாட் உங்கள் மனதில் நிற்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

எங்கள் ஊரில் ஷாட் என்றால் வெடி. பாறையில் துளை போட்டு, மருந்து கெட்டித்து, திரி பற்றவைப்பது. கேமராவுக்கும் அதே சொல் உண்டு என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. காட்சி என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அறுபத்திரண்டு பேருக்கு முன்னால் அவர் வெடிமருந்தைப் பற்றி உளறட்டும் என்று நினைத்தேன். தெரிந்தேதான் செய்தேன்.

"எந்த ஷாட் உங்க மனசுல நிக்குதுன்னு கேக்கறாங்க," என்றேன்.

அவர் மைக்கை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"கேக்காத ஷாட்டுதான் சார். பன்னெண்டு வெச்சிட்டு தள்ளிப்போய் நின்னு எண்ணுவோம். பதினொண்ணுதான் கேட்டுச்சின்னா ஒண்ணு உள்ள உக்காந்துகினு கீதுன்னு அர்த்தம். வெடிச்சதெல்லாம் மறந்துபூடும். அந்த ஒண்ணு மட்டும் ஊட்டுக்கு கூடவே வரும்."

இதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. குறைத்துச் சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. முன்வரிசையில் தமிழ் தெரிந்த ஒரு பையன் ஏற்கெனவே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். அதனால் முழுசாகச் சொன்னேன். பேராசிரியை பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். பிறகு மாணவர்களைப் பார்த்து, இயக்குநர் காட்டாமல் விட்ட ஷாட்டைத்தான் இவர் சொல்கிறார், அந்தப் பெண் எண்ணிக்கொண்டு நிற்பது அதைத்தான் என்றார். கைதட்டினார்கள். பதினாறு வினாடி வரை எண்ணினேன்.

காட்சி சராசரியாகப் பதினொரு வினாடிக்கு ஒரு முறை மாறுகிறது என்று என் சட்டைப்பையிலிருந்த தாளில் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

திரும்பும்போது ரயிலில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லாங்காட்டி நான் இன்னா சார் பண்ணியிருப்பேன்? நான் ஏதோ ஒளறுனத நீங்கதான் இங்கிலீஷ்ல அழகாக்கிட்டீங்க."

நான் ஒன்றும் செய்யவில்லை என்றேன். அதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். வீடு போனதும் தெருவில் நாலு பேரிடம் என்னைப் புகழ்ந்தாராம். என் மனைவிதான் வந்து சொன்னாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பேராசிரியை போன் செய்தார். இவருக்குப் போனில் சரியாகக் காது கேட்காது என்பதால் என் நம்பரைத்தான் கொடுத்து வைத்திருக்கிறோம். அடுத்த மாதம் மைசூரில் மூன்று நாள் நிகழ்ச்சி, நான்கு நாடுகளின் படங்கள், எல்லாவற்றுக்கும் அவர் வந்து பேச வேண்டும் என்றார். உங்களுக்கு அலைச்சல் வேண்டாம், தமிழ் தெரிந்த மாணவன் இருக்கிறான், அவன் மொழிபெயர்த்துவிடுவான் என்றும் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார்.

அவரிடம் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை தண்ணீர் பிடிக்கும் இடத்தில் இவரே கேட்டார்: "அந்த அம்மா மறுபடி போன் எதுனா பண்ணாங்களா சார்?"

"இல்லை," என்றேன். "அவங்களுக்கு ஆயிரம் வேலை."

"ஆமா, பாவம்," என்று சொல்லிவிட்டு, என் குடத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்து என் வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். இன்று வியாழன்.