அக்கா ஒட்டும் சீட்டு

என் அக்கா பழைய கணினிகளைச் சோதிப்பவள். செயற்கை நுண்ணறிவை ஓட்டும் பெரிய கூடங்களில் கழித்துப் போடும் இயந்திரங்கள் அவள் பட்டறைக்கு வரும். ஒவ்வொன்றையும் ஒரு பகல் முழுக்க ஓடவிட்டு, விசிறிச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பாள். பிறகு தான் பார்த்ததை மட்டும் சீட்டில் எழுதி ஒட்டுவாள்: "ஓடுகிறது", இல்லையென்றால் "ஓடவில்லை". அதற்கு மேல் ஒரு வார்த்தை அவளிடம் பெயராது. பெற்ற அம்மாவே முயன்று தோற்றாள்.

நான் நேர்மாறு. வாய் நீளம், மூக்குக்கு மேல் கோபம் வரும். முப்பது வருடம் வங்கியில் கடன் மனுக்களைப் பார்த்து ஓய்வு பெற்றேன். வந்த மொத்தப் பணத்தையும் அப்படி ஒரு கூடத்தில் போட ஆசை. இயந்திரங்களை வாங்கி வாடகைக்கு விடுவோம், ஆறு வருடம் வருமானம் வரும் என்றார்கள் கூடத்துக்காரர்கள்.

"அக்கா, இந்த மெஷினெல்லாம் ஆறு வருஷம் ஓடுமா?"

"ஓடும்டா. எட்டு வருஷம்கூட ஓடும்."

அவள் இவ்வளவு பேசியதே பெரிது. மறுநாளே போட்டுவிட்டேன்.

மூன்றாம் வருடம் கூடத்தை மூடினார்கள். பாதி மின்சாரத்தில் இரட்டிப்பு வேலை செய்யும் புது இயந்திரங்கள் வந்துவிட்டன. பழையதை வாடகைக்கு எடுக்க ஆளில்லை. போட்டதில் கால்வாசிகூடத் தேறாது என்று கடிதம் வந்தது. மனைவியிடம் சொல்லத் தைரியமில்லாமல் நேரே பட்டறைக்குப் போய்க் கத்தினேன்.

சுவரோரம் அந்தக் கூடத்து இயந்திரங்களே அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் அவள் சீட்டு: "ஓடுகிறது".

"ஓடுமான்னுதானே கேட்ட? வாடகைக்கு ஆள் வருமான்னு கேக்கலையே."

"அது உனக்கே தெரிய வேண்டாமா?"

"எனக்கென்னடா தெரியும், பணம் உன் வேலை."

"போனது உன் பணமா இருந்தா இப்படிப் பேசுவியா?"

அவள் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை நீட்டினாள். எனக்கு வந்த அதே கடிதம், அவள் பெயருக்கு. நான் பணம் போட்ட ஒரு வாரம் கழித்து அவளும் போட்டிருந்தாள்.

"நீ எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் போட்டிருப்பேன்னு நினைச்சேன்" என்றாள்.

ஊரார் மனுவையெல்லாம் குடைந்து குடைந்து கேள்வி கேட்டவன் நான். வெட்கமாக இருந்தது. முக்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அடுத்த இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுத்தாள். அதுவும் ஓடியது.